காலை வெயில் போதுமா?

காலை 7.45 மணி. பள்ளித் திடலில் சபைக்கூடல். முதுகில் இளவெயில் படுகிறது. வைட்டமின் டி கிடைக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். உண்மையில், அந்த வெயிலில் கிடைப்பது மிகக் குறைவு.

சூரிய ஒளியிலுள்ள புற ஊதா 'பி' கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகத் தொடங்கும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது கதிர்கள் சாய்வாக, காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகின்றன. வழியிலேயே ஓசோன் படலம் அந்தக் கதிர்களில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது.

நம் கடிகாரமும் ஏமாற்றுகிறது. 1982இல் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னுக்கு நகர்த்தி, சபா, சரவாக்குடன் ஒன்றாக்கியது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறக்குறைய 1.15. கடிகாரம் எட்டு அடிக்கும்போது சூரியக் கணக்கில் ஏழுகூட ஆகியிருக்காது!

கடிகாரத்தைவிட நிழலை நம்பலாம். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் வைட்டமின் டி உற்பத்தி மந்தம். குட்டையாக இருந்தால் நன்றாக நடக்கும். இங்கே அந்த நேரம் சுமார் 10.15 முதல் மாலை 4.15 வரை. அப்போது நாம் எங்கே இருக்கிறோம்? வகுப்பறை, டியூஷன், பேரங்காடி. ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் பயனில்லை; கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

இந்திய மாணவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். கருந்தோலிலுள்ள மெலனின் இயற்கைக் குடை. அதே அளவு வைட்டமினுக்கு அதிக நேரம் வெயில் வேண்டும். மலேசிய இளையரிடையே நடந்த ஆய்விலும் பெண்களிடமும் இந்தியர்களிடமும் குறைபாடு அதிகம் தெரிந்தது. "வெயிலில் போகாதே, கறுத்துப்போவே" என்று பாட்டி அதட்டுவது பெரும்பாலும் பெண் பிள்ளைகளைத்தானே! எலும்பு வலுப்பெறும் பதின்ம வயதில் இது சின்ன விஷயமல்ல.

அதற்காக நண்பகலில் தோல் எரியும்வரை நிற்கவேண்டாம். அது தோலுக்குக் கேடு. முற்பகல் ஓய்வு நேரத்தில் கேண்டீனுக்கு வெளியே சிறிது நேரம் நில்லுங்கள். மாலைப் புறப்பாட நடவடிக்கையைத் தட்டிக்கழிக்காதீர்கள். நாளுக்குத் தேவையான 15 மைக்ரோகிராமில் ஒரு பகுதியை டின் சார்டின், முட்டை மஞ்சள் கரு, வைட்டமின் டி சேர்த்த பால் ஆகியவை தரும். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள். வெயிலால் வைட்டமின் டி அளவு மீறாது, மாத்திரையால் மீறலாம்.