ஐஸ்லாந்தின் உற்பத்தியும் மூன்று அளவுகோல்களும்

ஒரு நாட்டில் ஓராண்டினுள் உண்டாகும் பண்டங்கள், பணிகள் ஆகியவற்றின் விலைமதிப்பைக் கூட்டிக் காணும் தொகையே மொத்த உள்நாட்டு உற்பத்தி எனப்படும். அது குறைந்ததோ கூடியதோ என்பது எளிய வினாப்போல் தோன்றும். 2008-ஆம் ஆண்டின் பண நெருக்கடியிற் சிக்குண்ட ஐஸ்லாந்தை நோக்குவார்க்கு அஃது அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

அட்லாண்டிக் மாகடலின் வடபாலுள்ள அத்தீவில் அந்நாளில் வாழ்ந்தோர் சற்றேறக்குறைய 3 இலட்சத்து 20 ஆயிரவரே. மீனும் அலுமினியமுமே அவர்தம் ஏற்றுமதியிற் பெரும்பகுதி. ஆயினும் கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்னும் மூன்று பாங்கிகள் அயல்நாடுகளிற் கடன் வாங்கிக் கடன் கொடுத்துப் பெருத்து, நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு சொத்துக் காட்டின. 2008 அக்டோபரில் ஒரு வாரத்திற்குள் மூன்றும் வீழ்ந்தன. இத்துணைப் பெருஞ்சுமையை எவ்வரசு தாங்கும்? உள்நாட்டார் வைப்புத்தொகையைக் காத்து, பாங்கிகளுக்குக் கடன் கொடுத்த அயல்நாட்டாரை நட்டமேற்க விட்டது ஐஸ்லாந்து அரசு. அவர்கள் நாணயமாகிய குரோனாவின் மாற்றுவிலையும் பாதியளவாயிற்று.

ஈண்டுத்தான் கணக்கு விநோதமாகின்றது. குரோனாவில் எண்ணின், 2009-ஆம் ஆண்டின் உற்பத்தி முந்திய ஆண்டினதற்குக் குறையவில்லை. விலைவாசி நூற்றுக்குச் சுமார் 12 வீதம் ஏறியமையே காரணம். டாலரில் எண்ணினாலோ, 2007-இல் ஏறத்தாழ 2100 கோடியாயிருந்தது 2009-இல் 1300 கோடியளவாகச் சுருங்கியது. நாட்டிலே ஐந்தில் இரண்டு பங்கு அழிந்தொழிந்ததோ எனின், அன்று. படகுகள் கடலுக்குச் சென்றுகொண்டுதாம் இருந்தன. அலுமினிய உலைகளும் அவியவில்லை. விலையேற்றத்தைக் கழித்து, விளைந்த அளவையே நோக்கின், 2009-இல் வீழ்ச்சி நூற்றுக்குச் சுமார் 7 ஆகும். 2010-இலும் சிறிது குறைந்து, 2011-இல் உற்பத்தி மீண்டும் வளரலாயிற்று.

இம்மூன்றனுள் இறுதியதே நேரிய அளவு என்பது நம் கருத்து. நாணயம் மலிந்தமையால் அயல்நாட்டுப் பண்டம் வாங்குதல் குறைந்தது. ஏற்றுமதியாளர்க்கு ஆதாயம் பெருகியது. இதே காலத்தில் தன் நாணயத்தை யூரோவோடு கட்டிய கட்டை அவிழ்க்க மறுத்த லாட்வியா, கூலியையும் சம்பளத்தையும் குறைத்தது. அங்கு வீழ்ச்சி இதனினும் மிகக் கொடிதாயிற்று.

ஆயினும் அந்த 7 என்னும் எண்ணுள் அடங்காத துன்பமும் உண்டு. ஐஸ்லாந்தில் வீட்டுக்கடனின் முதல், விலைவாசி ஏற ஏறத் தானும் ஏறும்படி எழுதப்பட்டிருந்தது. வட்டி குறைவெனக் கருதி, யென், சுவிஸ் பிராங்கு முதலிய அயல்நாணயங்களோடு பிணைத்த கடனை ஏற்றோர் நிலை அதனினும் இரங்கத்தக்கது. குரோனா வீழ, கடன் ஏறக்குறைய இருமடங்காயிற்று, வருவாயோ ஏறவில்லை. குரோனாவிற் கொடுத்த கடனை அயல்நாணயத்தோடு இவ்வாறு பிணைத்தல் சட்டத்திற்குப் புறம்பென 2010 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.