வாந்திபேதியும் நேர்வுப் பட்டியலும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியிலுள்ள கொழிஞ்சாம்பாறை மழை குறைந்த ஊர். அத்தகைய ஊரில் களப்பணியாளர் ஒருவர் குடிநீர்க் கணக்கு எடுப்பதாகக் கொள்வோம். கிணற்று நீர் அருந்தும் வீடுகள் எத்தனை, குழாய் நீர் அருந்துபவை எத்தனை என்று எண்ணி எழுதினால் கிடைப்பது அலைவெண் பரவல். வயிற்றுப்போக்குக் கண்ட வீடுகளையும் காணாதவற்றையும் எண்ணினால் அது மற்றொரு பரவல். இவ்விரண்டையும் அருகருகே வைத்து எவ்வளவு நோக்கினும், எந்த நீரை அருந்தியோரிடம் நோய் மிகுதி என்பது விளங்காது. ஒவ்வொரு வீட்டையும் இரு பண்புகளாலும் ஒருசேர வகைப்படுத்துதல் வேண்டும். அவ்வாறு அமைவதே நேர்வுப் பட்டியல்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று கல்கத்தாவில் உண்டு. ஹாஃப்கின் என்னும் அறிஞர் 1894-இல் அந்நகரின் குடிசைப் பகுதிகளில் வாந்திபேதித் தடுப்பு ஊசி போட்டார். 1894 முதல் 1896 வரை அங்குத் திரட்டிய கணக்கைக் கிரீன்வுட், யூல் ஆகிய இருவர் 1915-இல் ஆராய்ந்தனர்.

ஊசி போட்டோர்: நோயுற்றோர் 3, நோயுறாதோர் 276, மொத்தம் 279
போடாதோர்: நோயுற்றோர் 66, நோயுறாதோர் 473, மொத்தம் 539
கூடுதல்: நோயுற்றோர் 69, நோயுறாதோர் 749, மொத்தம் 818

நோயுற்ற 69 பேரில் ஊசி போட்டவர் மூவரே என வியத்தல் பலர்க்கும் இயல்பு. ஆயின் ஊசி போட்டோர் தொகையே சிறிது. ஆகவே விழுக்காட்டை வரிசை தோறும் காண்பதே முறை. போட்டோருள் நோயுற்றோர் 1.1 விழுக்காடு; போடாதோருள் 12.2 விழுக்காடு.

இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடுமோ? ஊசியால் பயனே இல்லையெனின், 818 பேருக்கு 69 என்ற அதே வீதத்தில் 279 பேருள் ஏறத்தாழ 23.5 பேர் நோயுற்றிருத்தல் வேண்டும். உற்றவரோ மூவர். நான்கு கட்டங்களிலும் எதிர்பார்த்த எண்ணுக்கும் கண்ட எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கித்து, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் கை-வர்க்கம் கிடைக்கும். இங்கு அது 29.7. நாற்கட்டப் பட்டியலில் 3.84-ஐ மிஞ்சும் மதிப்பு, தொடர்பே இல்லாதபோது நூற்றுக்கு ஐந்து முறையே நேரும்.

எனினும் தற்செயல் அன்று என்பதால் காரணம் ஊசியே என்று ஆகிவிடாது. இரு பிரிவினரும் மற்ற எல்லா வகையிலும் ஒத்தவராயும், நோய்க்கு ஒரே அளவில் ஆட்பட்டவராயும் இருத்தல் வேண்டும் என்று அவ்விருவரும் வற்புறுத்தினர். தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொள்வோர் வசதியிலும் தூய்மையிலும் வேறுபட்டவராகவும் இருக்கலாம் அன்றோ? குடிநீர்க் கணக்கிலும் இதே இடர் உண்டு. குழாய் நீர் பெறும் வீடுகளிலேயே கழிப்பிடமும் மிகுதியாக இருக்கலாம். அங்ஙனமாயின் கழிப்பிடம் உள்ள வீடுகளுக்கு ஒன்றும் இல்லாதவற்றுக்கு ஒன்றுமாக இரு பட்டியல்கள் எழுதி, இரண்டிலும் வேறுபாடு நிலைக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.