கச்சேரிக்கு போக முடியலையா? மிச்ச டிக்கெட்டை 'பிளாக்'கில் விற்காமல் கைமாற்றுவது எப்படி?

சென்னை:-

பிடித்த இசையமைப்பாளரின் கச்சேரி. ஆசை ஆசையாய் 2 டிக்கெட் எடுத்தாச்சு. அன்றைக்கென்று பார்த்து நைட் ஷிப்ட் போட்டு விட்டார்கள். அல்லது கூட வருவதாக சொன்ன நண்பருக்கு காய்ச்சல். கையில் இருக்கும் டிக்கெட்டை என்ன செய்வது? கிழித்துப் போட மனசு வராது. அது 2 நாள் கூலி.

இன்னொரு பக்கம், டிக்கெட் கிடைக்காமல் தவிக்கும் ரசிகர். "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்று அவர் சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருக்கிறது 'பிளாக்' கும்பல்.

ரூ.2,500 டிக்கெட் லட்சத்துக்கு போன கதை

2025 ஜனவரியில் நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியத்தில் இங்கிலாந்தின் கோல்டுபிளே குழு 3 நாட்கள் கச்சேரி நடத்தியது. அதற்கான டிக்கெட் விற்பனை 2024 செப்டம்பர் 22-ந்தேதி புக் மை ஷோவில் தொடங்கியது. டிக்கெட் விலை ரூ.2,500-ல் இருந்து ரூ.35 ஆயிரம் வரை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் காலி!

அதே டிக்கெட்டுகள் வேறு இணையதளங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு முளைத்தன. புக் மை ஷோ நிறுவனம் போலீசில் புகார் கொடுத்தது. மறுவிற்பனைக்கு விதிமுறை கேட்டு பம்பாய் ஐகோர்ட்டில் பொதுநல வழக்கும் போடப்பட்டது. சட்டம் போடுவது அரசின் வேலை என்று சொல்லி கோர்ட்டு அதை தள்ளுபடி செய்து விட்டது.

கும்பல் கல்லா கட்டுவது எப்படி?

பத்து, இருபது செல்போன், வேறு வேறு பெயரில் கணக்கு. விற்பனை தொடங்கிய நிமிடமே மொத்தமாக அள்ளி விடுவார்கள். பிறகு பல மடங்கு விலைக்கு விற்பார்கள். சிலர் டிக்கெட்டே கையில் இல்லாமல் "இருக்கு" என்று சொல்லி பணம் கறப்பதும் உண்டு.

இதைவிட மோசமானது 'ஸ்கிரீன்ஷாட்' மோசடி. ஒரே கியூஆர் கோடு படத்தை 5 பேருக்கு விற்று விடுவார்கள். வாசலில் முதலில் ஸ்கேன் செய்பவர் உள்ளே போவார். மற்ற 4 பேருக்கும் பட்டை நாமம்தான்!

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1-ந்தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 112-வது பிரிவில், கும்பலாக சேர்ந்து செய்யும் சிறு குற்றங்களின் பட்டியலில் அனுமதி இல்லாமல் டிக்கெட் விற்பதும் இருக்கிறது. குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு ஜெயில், அபராதமும் உண்டு.

போக முடியாமல் ஒரு டிக்கெட்டை வாங்கிய விலைக்கே தெரிந்தவருக்கு கொடுப்பவர் கும்பல் ஆகி விட மாட்டார். ஆனால் "சும்மா 4 டிக்கெட் கூடுதலா எடுத்து வச்சா லாபம்" என்று இறங்கினால் வம்பு தேடி வரும். தேவைக்கு மட்டும் எடுப்பதே முதல் நியாயம்.

விற்பவர் கவனிக்க...

* டிக்கெட் நிபந்தனையை முதலில் படியுங்கள். பெயர் மாற்றக்கூடாது, அடையாள அட்டை வேண்டும் என்று இருந்தால் வாங்குபவர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

* டிக்கெட் எடுத்த ஆப்பிலேயே வேறொருவருக்கு மாற்றும் வசதி இருக்கிறதா பாருங்கள். அதில் மாற்றினால் டிக்கெட் புதியவர் கணக்குக்கு போய்விடும். ஒரே டிக்கெட்டை இருவருக்கு விற்றார் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

* விலை? உதாரணத்துக்கு ரூ.1,500 டிக்கெட் 2. கட்டணம், வரி எல்லாம் சேர்த்து ரூ.3,300 கட்டினீர்கள் என்றால் ஒன்றுக்கு ரூ.1,650 கேட்பது நியாயம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அது 'பிளாக்'தான். பில்லை காட்டி விடுங்கள், பேரமே வராது.

* கியூஆர் கோடு படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் போடாதீர்கள். யார் வேண்டுமானாலும் சுட்டு விடுவார்கள்.

* "பணம் அனுப்புறேன், ரகசிய எண்ணை போடுங்க" என்றால் உஷார். பணம் வாங்க யாரும் 'பின்' நம்பர் போட வேண்டியதில்லை.

வாங்குபவர் கவனிக்க...

* ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பணம் அனுப்பாதீர்கள். விற்பவரின் செல்போனில் ஆப்பை திறந்து காட்டச் சொல்லுங்கள்.

* அசல் விலை, பில் இரண்டையும் கேளுங்கள். மழுப்பினால் நகர்ந்து விடுங்கள்.

* 2 டிக்கெட்டில் ஒன்றை விற்பவர் தானும் கச்சேரிக்கு வருகிறார் என்றால் ரொம்ப நல்லது. வாசலில் சந்தித்து சேர்ந்தே உள்ளே போகலாம். ஸ்கேன் ஆன பிறகு பணம் கொடுக்கலாம்.

கச்சேரி ரத்தானால் பணம் யாருக்கு?

இங்குதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 2023-ல் சென்னையில் ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி ஆகஸ்டு 12-ந்தேதி மழையால் தள்ளிப்போனது. செப்டம்பர் 10-ந்தேதி கிழக்கு கடற்கரை சாலை பனையூரில் நடந்தபோது கூட்ட நெரிசலில் டிக்கெட் வைத்திருந்த பலரே உள்ளே போக முடியவில்லை. குழந்தைகளோடு வந்தவர்கள் கண்ணீரோடு திரும்பினார்கள். அப்படிப்பட்டவர்கள் டிக்கெட் நகலை இ-மெயிலில் அனுப்பும்படி ரகுமான் கேட்டுக்கொண்டார்.

கைமாறி வாங்கியவரிடம் பில் இருக்காது. திரும்ப வரும் பணமும் பொதுவாக முதலில் கட்டியவர் கணக்குக்கே போகும். ஆகவே "கச்சேரி ரத்தானால் உங்க பணத்தை உங்களுக்கே தந்துடறேன்" என்று விற்பவர் ஒரு வரி மெசேஜ் அனுப்பி விடுவது நல்லது. வாங்கியவரும் பணம் அனுப்பிய ரசீதை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஏமாந்து விட்டால்...

ஆன்லைனில் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு சும்மா இருக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு. கச்சேரி நடத்தியவர்கள் மீது குறை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இன்றைக்கு டிக்கெட் மிச்சமாகி நிற்பவர், அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காமல் நிற்கலாம். வாங்கிய விலைக்கே கொடுத்தால் நாளைக்கு கேட்கவும் முகம் இருக்கும்!