பிளாக்ஜாக் மேசையில் விடுதியின் சாதகம்

கேசினோ பிளாக்ஜாக்கில் விடுதியின் சாதகம் அடிப்படையில் வரிசையிலிருந்து பிறக்கிறது: ஆட்டக்காரர்கள் முதலில் சீட்டெடுக்கிறார்கள், டீலர் கடைசியில். 16 வைத்திருப்பவர் இன்னொரு சீட்டு கேட்க, 9 விழுந்து 25 ஆகிறது. 21ஐத் தாண்டிவிட்டதால் அவருடைய சீட்டும் பணமும் அப்போதே வாரப்படும். அதே சுற்றில் டீலரும் 24 எடுத்துத் தோற்றால் மேசையில் மிஞ்சியிருப்பவர்களுக்குப் பணம் உண்டு. முன்பே தாண்டியவருக்கு ஒரு காசும் திரும்பாது.

டீலரைப் போலவே 17 வரும்வரை எடுத்தால் ஆட்டம் சமமாகிவிடும் என்று பலர் எண்ணுவது இதைக் கவனிக்காததால்தான். டீலர் 21ஐத் தாண்டுவது சுமார் 28 சதவீதச் சுற்றுகளில். அப்படியே ஆடுபவரும் ஏறக்குறைய அதே அளவு தாண்டுவார். இருவரும் தாண்டும் சுற்றுகள் சுமார் 8 சதவீதம். அவை அத்தனையும் விடுதிக்கே. ஏஸும் பத்தும் சேர்ந்த பிளாக்ஜாக்குக்குக் கிடைக்கும் கூடுதல் தொகை கொஞ்சம் ஈடுகட்டினாலும், சாதகம் ஐந்தரை சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

அரை சதவீதம்தான் என்று சொல்லப்படுவது, எந்தக் கைக்கு எப்போது நிறுத்துவது, பிரிப்பது, இரட்டிப்பது என்ற கணக்கைப் பிசகாமல் பின்பற்றுபவருக்கு மட்டுமே, அதுவும் நல்ல விதிகள் உள்ள மேசையில். அந்தக் கணக்கை அமெரிக்க ராணுவத்தில் இருந்த நால்வர் மேசைக் கணக்கு இயந்திரங்களைக் கொண்டு போட்டு, 1956இல் வெளியிட்டார்கள். இன்னொன்று: அந்தச் சதவீதம் கொண்டுவந்த பணத்துக்கு அல்ல, வைக்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும். மணிக்கு 60 சுற்று, சுற்றுக்கு 10 டாலர் என்றால் பத்து மணி நேரத்தில் 6,000 டாலர் பந்தயத்தில் புரண்டிருக்கும், பையில் 500தான் இருந்தாலும்.

மிகவும் ஏமாற்றுவது மேசைத் துணியில் அச்சிட்ட சின்ன எழுத்து. பழைய வழக்கப்படி பிளாக்ஜாக்குக்கு 3க்கு 2 என்று தருவார்கள். 10 டாலருக்கு 15. லாஸ் வேகாஸில் இப்போது பல மேசைகளில் 6க்கு 5. 10 டாலருக்கு 12தான். எண்கள் பெரிதாகத் தெரிவதால் இதையே மேலென்று நினைப்பவர்கள் உண்டு. ஏறத்தாழ 21 சுற்றுக்கு ஒருமுறை வரும் அந்தக் கையில் 3 டாலர் குறைவது, சாதகத்தைச் சுமார் 1.4 சதவீதம் கூட்டிவிடுகிறது. ஒழுங்காக ஆடுபவரின் நஷ்டம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

டீலர் ஏஸ் காட்டும்போது வைக்கச் சொல்லும் 'இன்சூரன்ஸ்' எதையும் காப்பதில்லை. அது டீலரின் மூடிய சீட்டு பத்து மதிப்புள்ளது என்று வைக்கும் தனிப் பந்தயம். ஆறு கட்டில் மீதமுள்ள 311 சீட்டில் பத்து மதிப்புள்ளவை 96. ஒன்றுக்கு இரண்டு தரும் பந்தயம் சமமாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 104 வேண்டும்.

கடைசி இருக்கைக்காரர் தப்பாகச் சீட்டெடுத்து மேசையையே கெடுத்தார் என்ற கோபமும் வீண். அவர் எடுத்த சீட்டு டீலரைக் காப்பாற்றியிருக்கவும் கூடும், கவிழ்த்திருக்கவும் கூடும். நெடுநாள் ஆட்டத்தில் அவருடைய தவறுக்கான விலையை அவர் மட்டுமே கொடுக்கிறார்.