குறும்பதிவு: சுருங்கச் சொல்லலும் பொறுப்பும்

சுருக்கமாகச் சொல்லித் தெளிவாக விளக்குதல் தமிழுக்குப் புதிய கலையன்று. ஏழே சீர்களுக்குள் ஓர் அறத்தை அடக்கிக் காட்டியவர் திருவள்ளுவர். சொற்சுருக்கத்தை நூலின் அழகுகளுள் முதலாவதாக எண்ணியது நன்னூல். அத்தகைய மொழிக்குரிய நாம், சில வரிகளில் செய்தி சொல்லும் குறும்பதிவுத் தளங்களைக் கண்டு தயங்கி நிற்க வேண்டுவதில்லை. அதே வேளையில் அவற்றின் இயல்பறியாது நுழைதலும் நன்றன்று. புதிதாக அடியெடுத்து வைக்கும் மாணவர்க்கும், பிள்ளைகள் கைப்பேசியில் எழுதுவது யாது என அறிய விழையும் பெரியோர்க்கும் பயன்படுமாறு இக்கட்டுரை அமைகிறது.

குறும்பதிவு என்பது யாது?

பள்ளிவாசல் வாயிலில் உள்ள கரும்பலகையை நாமனைவரும் அறிவோம். இன்னார் காலமானார், நல்லடக்கம் அஸர் தொழுகைக்குப் பின் என இரண்டு வரிகளில் எழுதப்படும் செய்தியை ஜமாஅத்தாரும் படிப்பர், வழிப்போக்கரும் படிப்பர். கடிதம் ஒருவர்க்கு உரியது. பலகை ஊருக்கு உரியது. குறும்பதிவும் பலகையைப் போன்றதே. ஆனால் இப்பலகையை உலகமே படிக்கும். எழுதியவர் அழித்தாலும் படியெடுத்தவர் கையில் அது நிலைத்திருக்கும்.

இவ்வகைத் தளங்களுள் பெரும்புகழ் பெற்றது ட்விட்டர். 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற இது, 2023 ஜூலையில் எக்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கைப்பேசிக் குறுஞ்செய்தியின் அளவு 160 எழுத்து. அதில் 20-ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கி, எஞ்சிய 140-ஐப் பதிவுக்கு வைத்தனர். 2017 நவம்பரில் இவ்வரம்பு 280 ஆக உயர்ந்தது. மாஸ்டடான், புளூஸ்கை, திரெட்ஸ் ஆகியவையும் இதே வகையின. இந்தியாவில் 2020-இல் தோன்றிய கூ என்னும் தளம் 2024-இல் மூடப்பட்டது.

இங்குத் தமிழ் மாணவர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ‘வண்டலூர்’ என்னும் சொல்லில் நம் இலக்கணப்படி ஐந்து எழுத்துகள். எக்ஸ் தளமோ புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியே எண்ணி, எட்டு எனக் கணக்கிடும். எனவே 280 என்னும் இடம் தமிழில் எழுதுவோர்க்கு விரைவில் நிரம்பிவிடும். புளூஸ்கை, மெய்யையும் உயிர்மெய்யையும் ஒவ்வோர் எழுத்தாகவே கொண்டு 300 வரை இடமளிக்கிறது.

தொடங்கும் முறை

மின்னஞ்சலோ கைப்பேசி எண்ணோ கொண்டு கணக்குத் தொடங்கலாம். கணக்கிற்கு @ குறியுடன் கூடிய பயனர் பெயர் ஒன்று வேண்டும். எக்ஸ் தளத்தில் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றால் 15-க்கு மிகாமல் அமைய வேண்டும்; காட்சிப் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். கடவுச்சொல்லுடன் இரண்டாம் நிலைச் சரிபார்ப்பையும் தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்வது காப்பாகும். தம் எழுத்தை அறிந்தவர் மட்டுமே படிக்க வேண்டும் என விரும்புவோர், பதிவுகளைப் பூட்டி வைக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். இல்ல முகவரி, தேர்வு நுழைவுச்சீட்டு, பிறர் படம் ஆகியவற்றைப் பொதுவில் இடலாகாது.

முதல் வாரம் எழுதாது படிப்பதே நன்று. வானிலை ஆய்வுத் துறை, தெற்கு ரயில்வே, தாம்பரம் மாநகரக் காவல் போன்ற பொது நிறுவனங்களையும், தாம் விரும்பும் துறையறிஞரையும் பின்தொடரலாம். பெயர் ஒத்திருப்பதால் மட்டும் ஒரு கணக்கை நம்பிவிடக் கூடாது. எக்ஸ் தளத்தில் நீலக்குறி கட்டணம் செலுத்துவோர்க்கும் கிடைக்கிறது; அரசுக் கணக்குகளுக்குரியது சாம்பல் நிறக்குறி.

# அடையாளம் இட்டு எழுதும் சொல்லுக்கு ஹேஷ்டேக் என்று பெயர். 2007-இல் கிறிஸ் மெசினா என்பார் இம்முறையை முன்மொழிந்தார். ஒரே பொருள் பற்றிப் பலர் எழுதியவற்றை ஓரிடத்தில் திரட்டும் நூல் இது எனலாம்.

வெள்ளம் கற்பித்த பாடம்

அந்நூலின் வலிமையை நம் பகுதி கண்டது 2015-இல். டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரள, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. மின்சாரம் அறுந்தது, தொலைபேசி பல இடங்களில் ஊமையாயிற்று. அந்நிலையில் சென்னை மழை, சென்னை வெள்ளம் என்னும் பொருள்பட்ட ஹேஷ்டேக்குகளின் கீழ் உணவு, படகு, மருந்து வேண்டியோரும், வீட்டில் இடம் தர முன்வந்தோரும் எழுதினர். பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் திருமண மண்டபங்களும் கதவு திறந்த செய்தி இவ்வழியாகவும் பரவியது. தொலைவிலிருந்த தன்னார்வலர் அவற்றைத் தொகுத்துப் பட்டியலாக்கினர்.

குறையும் இல்லாமலில்லை. மீட்கப்பட்டவர்களின் பழைய வேண்டுகோள்கள் மீண்டும் மீண்டும் பகிரப்பட்டு, தொண்டர்களின் பொழுதை வீணாக்கின. ‘முடிச்சூரில் வெள்ளம், உதவுங்கள்’ என்னும் பதிவு இரக்கத்தைத் தூண்டும், படகோட்டிக்கு வழிகாட்டாது. எந்தத் தெரு, எத்தனை பேர், முதியவரோ குழந்தையோ உண்டா, என்ன தேவை, எந்த நாள், எந்த மணி என்னும் இவை இருந்தால் அதே 280 எழுத்து உயிர்காக்கும் செய்தியாகும். உதவி சேர்ந்தவுடன், சேர்ந்தது என எழுதி, பழைய பதிவை நீக்குதலும் எழுதியவர் கடமையே.

முதலையும் வதந்தியும்

2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல்மழையின்போது, பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை முதலை ஒன்று கடந்து செல்லும் காணொளி பரவியது. வண்டலூர் உயிரியல் பூங்காவை அடுத்த பகுதியாதலால், பூங்காவிலிருந்து தப்பியதோ என எண்ணுதல் எவர்க்கும் எளிது. அந்நாளில் வனத்துறைச் செயலாளராக இருந்த சுப்ரியா சாகு, எக்ஸ் தளத்திலேயே விளக்கமளித்தார். சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகள் சிலவற்றில் முதலைகள் வாழ்கின்றன. அவை மனிதரை விலகிச் செல்லும் கூச்ச இயல்பின. நீர் பெருகியதால் வெளிவந்துள்ளது. நீர்நிலைகளை அணுக வேண்டா என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

காணொளி பொய்யன்று. ஆயினும் காணொளி தராத காரணத்தைப் பார்ப்பவர் தாமே கற்பித்துக்கொண்டால், உண்மையிலிருந்தும் வதந்தி பிறக்கும். ஆகவே மறுபகிர்வு செய்யுமுன் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சொன்னவர் யார்? நிகழ்ந்தது எப்போது? பொறுப்புள்ள ஒருவர் இதனை உறுதி செய்தாரா? மூன்றனுள் ஒன்றற்கு விடையில்லையெனினும் விரலை நிறுத்துதலே முறை.

சட்டமும் நாவடக்கமும்

2012-இல் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர் அரசியல்வாதியின் மகனைக் குறித்து எழுதிய ட்விட்டர் பதிவுக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ்க் கைது செய்யப்பட்டார். அப்பிரிவு கருத்துரிமைக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. எனினும் அவதூறு, பகைமை தூண்டல் பற்றிய சட்டங்கள் நிலைத்தே உள்ளன. சட்டத்திற்கு அஞ்சுதல் ஒருபுறமிருக்க, எதிரில் அமர்ந்திருப்பவரிடம் சொல்லக் கூசும் சொல்லைத் திரைக்குப் பின்னிருந்து எழுதாதிருத்தல் பண்பாடு.

நிறைவாக

எழுதும் இடம் சிறிதாயினும் எழுதுவோர் பொறுப்பு சிறிதன்று. மாணவச் செல்வங்கள் முதல் பதிவைத் தமிழில், பிழையின்றி, பிறர்க்குப் பயன்படும் ஒரு செய்தியாக எழுதித் தொடங்குக. பெரியோரும் அதனைப் படித்து வழிகாட்டுக. அடுத்த பெருமழை எந்நாள் வருமென அறியோம். அந்நாளில் நம் பகுதிக்கு வேண்டுவது ஆரவாரம் நிறைந்த ஆயிரம் பதிவுகளல்ல, நம்பத்தக்க ஒரு வரி.