1,13,597 மருத்துவர்கள் சொன்னது என்ன?

1946-ஆம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டியவர்கள் கண்ணில் ஒரு மருத்துவர் அடிக்கடி பட்டுக்கொண்டே இருந்தார். வேறு எந்த சிகரெட்டையும்விட கேமல் சிகரெட்டைப் புகைக்கும் மருத்துவர்களே அதிகம் என்றது விளம்பரத்தின் தலைப்பு. நாடு முழுக்க 1,13,597 மருத்துவர்களிடம் கேட்டறிந்த முடிவு என்று கீழே விளக்கம். அந்த வரிசையில் ஒரு விளம்பரத்தில், அழைப்பு வந்த மறுகணமே "இதோ வந்துவிடுகிறேன்" என்கிறார் மருத்துவர். இருபத்துநான்கு மணி நேரமும் உயிர்காக்கும் பணியில் இருப்பவர் அவர் என்று வாசகருக்கு நினைவூட்டுகிறது எழுத்து.

பேச்சால் ஒருவரை இணங்கவைக்கும் வழிகளை ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் மூன்றாக வகுத்தார்: சொல்பவர்மீது நமக்கு உள்ள நம்பிக்கை, கேட்பவர் மனதில் எழும் உணர்ச்சி, சொல்லப்படும் காரணம். எதோஸ், பதோஸ், லோகோஸ் என்பவை அவற்றின் கிரேக்கப் பெயர்கள். கேமல் விளம்பரத்தில் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மருத்துவர் என்ற தகுதி நம்பிக்கை தருகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் டாக்டரின் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்த எந்தத் தாயின் மனதையும் அந்த "இதோ வந்துவிடுகிறேன்" தொட்டுவிடும். காரணத்தின் இடத்தில் அந்த ஆறு இலக்க எண் நிற்கிறது.

முதல் இரண்டையும் நாம் ஓரளவு கண்டுகொள்கிறோம். நடிகர் காசு வாங்கிக்கொண்டுதான் பேசுகிறார் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தாத்தாவும் பேரனும் கட்டிக்கொள்ளும்போது பின்னணி இசை ஏன் உருகுகிறது என்பதும் புரியும். மூன்றாவதுதான் கண்ணில் மண்ணைத் தூவிவிடுகிறது. எண்ணைக் கண்டதும் அது அறிவியல், அதைப் போய்க் கேள்வி கேட்பதா என்று கூசுகிறோம். விளம்பரங்களில் நான் அதிகம் அஞ்சுவது இந்தக் கூச்சத்தைத்தான்.

அந்த எண் எப்படி வந்தது? கேட்டவர்கள் சிகரெட் நிறுவனத்துக்கு விளம்பரம் செய்துகொடுத்த ஏஜென்சியின் ஆட்கள். கேட்ட இடம் மருத்துவ மாநாடுகளும் மருத்துவர்களின் அறைகளும். கேமல் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்த கையோடுதான் பெரும்பாலும் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்று பின்னாளில் இதை ஆராய்ந்த வரலாற்றறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டாலும் கேட்ட கேள்வியே வேறு: நீங்கள் எந்த சிகரெட் புகைக்கிறீர்கள்? சிகரெட் உடம்புக்கு நல்லதா என்று எவரும் கேட்கவில்லை. மருத்துவர்களே இது கெடுதல் இல்லை என்கிறார்கள் என்றுதான் வாசகர் புரிந்துகொண்டார். அந்த வாக்கியம் விளம்பரத்தில் எங்கும் இல்லை; வாசகர் தாமாகவே எழுதிக்கொண்டது அது. நான்கே ஆண்டுகளில், 1950-இல், புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பெரிய ஆய்வுகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளிவந்தன.

இது பழைய கதை அல்ல. 2022-இல் சென்சோடைன் பற்பசை விளம்பரங்களை நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தது. உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது, பற்கூச்சத்துக்கு உலகின் முதல் நிலைப் பற்பசை என்றெல்லாம் விளம்பரம் சொன்னது. ஆதாரம் எங்கே என்று கேட்டபோது நிறுவனம் காட்டியது இந்தியப் பல் மருத்துவர்களிடம் மட்டும் எடுத்த சந்தைக் கணக்கெடுப்புகளை. விளம்பரத்தை நிறுத்தும்படி உத்தரவிட்டு, 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது ஆணையம். கணக்கெடுப்பு நடந்தது உண்மைதான். அது இந்தியாவைத் தாண்டவில்லை, விளம்பரம் உலகத்தையே சுற்றிவந்துவிட்டது.

விவரம் தெரிந்தவர்கள்கூட ஏன் நம்பிவிடுகிறார்கள்? பெட்டி, கசியோப்போ, ஷூமன் என்ற உளவியலாளர்கள் 1983-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. 'எட்ஜ்' என்ற பெயரில், சந்தையில் இல்லாத ஒரு ஷேவிங் ரேஸருக்கு விளம்பரம் தயாரித்து மாணவர்களிடம் காட்டினார்கள். சிலருக்குப் பிரபல விளையாட்டு வீரர்களின் படம், சிலருக்குச் சாதாரண மனிதர்களின் படம். சிலருக்கு வலுவான காரணங்கள், சிலருக்குச் சொத்தைக் காரணங்கள்: தண்ணீரில் மிதக்கும், குளியலறையை மனதில் வைத்து வடிவமைத்தது என்பது போல. பார்த்து முடித்ததும் ஒரு ரேஸரைப் பரிசாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று பாதிப் பேரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவர்கள் காரணங்களை எடைபோட்டார்கள். பிரபல முகம் அவர்களிடம் எடுபடவில்லை. ரேஸரோடு தமக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று நினைத்தவர்களிடம்தான் அந்த முகம் வேலை செய்தது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. இரண்டு பாதியிலும் இருந்தவர்கள் ஒரே மாதிரி மாணவர்கள்தான். அக்கறை மட்டும்தான் கூடக்குறைய இருந்தது. இரவு எட்டரை மணிக்கு, சோற்றில் ஒரு கண்ணும் தொலைக்காட்சியில் ஒரு கண்ணுமாக இருக்கிற நேரத்தில்தான் பெரும்பாலான விளம்பரங்கள் நம்மிடம் வருகின்றன.

எங்கள் வீட்டுக் குழாயடியில் ஒரு ஹேண்ட்வாஷ் பாட்டில் இருக்கிறது. முன்பக்கத்தில் 99.9 சதவீதக் கிருமிகள் ஒழியும் என்று கொட்டை எழுத்து, அதன் தலையில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தின் ஜோடி பின்பக்கத்தில், ஸ்டிக்கரின் மடிப்புக்குப் பக்கத்தில், கடுகளவு எழுத்தில் கிடக்கிறது: ஆய்வகத்தில், குறிப்பிட்ட சில கிருமிகளின்மீது செய்த சோதனை. ஆய்வகத் தட்டு வேறு, சாணமும் மண்ணும் ஒட்டிய கை வேறு. 'குறிப்பிட்ட சில' எவை என்று பாட்டிலில் இல்லை. நல்ல சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் எவ்வளவு போகும் என்ற ஒப்பீடும் இல்லை. அந்த ஒப்பீடு இல்லாமல் 99.9-ஐ வைத்துக்கொண்டு நான் என்ன முடிவுக்கு வர முடியும்? 'கொழுப்பைக் குறைக்க உதவும்', '70 சதவீதம் வரை தள்ளுபடி' என்பவற்றிலும் 'உதவும்', 'வரை' என்ற சொற்களை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். நம் காதில் விழுந்தது அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒருமுறை காதில் விழுந்தது லேசில் போவதும் இல்லை. ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது மேலும் உண்மையாகத் தோன்றும் என்று 1977-இல் ஹேஷர், கோல்ட்ஸ்டைன், டோப்பினோ ஆகியோர் சோதனையில் காட்டினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் லிஸ்டரின் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. வாய் கொப்பளிக்கும் அந்த மருந்து சளியையும் தொண்டை வலியையும் தடுக்கும் என்று 1921 முதல் விளம்பரம் செய்துவந்தார்கள். அது தடுக்காது, கடுமையைக் குறைக்கவும் செய்யாது என்று நிறுவனமே தன் விளம்பரங்களில் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. ஏறக்குறைய ஒரு கோடி டாலர் விளம்பரச் செலவு முடியும்வரை அந்த வரி தொடர வேண்டும். தொடர்ந்தது. அந்தச் செலவு முடிந்த பிறகும், சளிக்கு லிஸ்டரின் நல்லது என்று நம்பியவர்கள் ஏராளமாக இருந்தார்கள்.