படிவத்தில் நான் போட்ட பொய்

லண்டனில் எங்கட முதல் வீட்டை வாங்கும்போது எனக்கு வயது 33. வீட்டுக் கடனோடு ஆயுள் காப்புறுதியும் எடுத்தோம். படிவத்தில் ஒரு கேள்வி: கடந்த 12 மாதங்களில் சிகரெட்டோ நிகோடினோ பாவித்தீர்களா? 'இல்லை' என்று போட்டேன். அந்த நேரம் என் ஜாக்கெட் பொக்கெட்டில் பாதிப் பெட்டி சிகரெட் இருந்தது.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் செத்தால் கடன் அடையட்டும் என்றுதானே காப்புறுதி? பொய் என்று தெரிந்தால் ஒரு சதமும் தராமல் விடுவார்களே. என்னைக் கொல்லக்கூடிய அதே பழக்கம், நான் போன பிறகு மனைவியையும் இரண்டு வயது மகளையும் வீடில்லாமல் ஆக்கிவிடும்.

காலையில் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். மாதக் கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. மனைவி கடிதத்தைப் பார்த்துவிட்டு, "எப்பவாவது ஒண்டு எண்டுதானே சொன்னீங்கள்?" என்று கேட்டா. உண்மையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு.

மூன்றாவது தடவை

முதல் தடவை நாலு நாள் தாக்குப்பிடித்தேன். இரண்டாவது தடவை, மச்சானின் கலியாண வீட்டில் 'ஒண்டே ஒண்டு' என்று தொடங்கி எல்லாம் பழையபடி ஆனது. மனஉறுதி போதாது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை மருந்துக்கடையில் இருக்கும் புகை நிறுத்தும் சேவைக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா என்னைத் திட்டவில்லை. தோளில் ஒட்டும் நிகோடின் பட்டி, ஆசை வரும்போது மெல்ல கம், வாரம் ஒரு சந்திப்பு. பன்னிரண்டு வாரம். "ஆசை வந்தால் சில நிமிஷம்தான் இருக்கும். அதைக் கடத்தினால் போதும்" என்றா. முதல் வாரம்தான் கொடுமை. எரிச்சல், தலையிடி, இருமல் கூட. என் பெரிய எதிரி சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கும் பிளேன் ரீ. அதோடு ஒரு சிகரெட் என்று கை பழகிவிட்டது. மூன்று மாதம் ரீயையே விட்டேன். ஐந்து கிலோ கூடியது. ஆனால் நிறை கூடுமே என்று பயந்து சிகரெட்டை விடாமல் இருப்பதுதான் பெரிய நட்டம்.

அப்பாவும் நானும்

அப்பா யாழ்ப்பாணத்தில் 17 வயதில் பத்தத் தொடங்கினவர். அவருடைய அப்பா சுருட்டு. லண்டன் வந்து பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை செய்த காலத்தில் சிகரெட்தான் அவருக்குத் துணை. 61 வயதில் படியேற மூச்சு வாங்கி, நுரையீரல் அடைப்பு நோய் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் விட்டார். அதைப் பார்த்த பிறகும் நான் நாலு வருடம் பத்தினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது அப்பாவுக்கு 76. இன்ஹேலர் இல்லாமல் கோயிலுக்கும் போக ஏலாது. பழுதான நுரையீரல் திரும்பி வராது. ஆனால் விட்டவர்களுக்கு அது மேலும் பழுதாகும் வேகம் குறையும். விடாமல் இருந்திருந்தால் பேத்தியின் பரதநாட்டிய நிகழ்ச்சியை முன்வரிசையில் இருந்து பார்த்திருப்பாரோ தெரியாது.

எந்த வயதில் விட்டால் எவ்வளவு?

இதற்குப் பதில் சொன்னது இங்கிலாந்திலேயே நடந்த ஆய்வு. ரிச்சர்ட் டோலும் சக ஆய்வாளர்களும் 1951 முதல் பிரித்தானிய ஆண் டொக்டர்களைத் தொடர்ந்து கவனித்து, 50 வருட முடிவை 2004இல் வெளியிட்டார்கள். தொடர்ந்து பத்தியவர்கள் சராசரியாக 10 வருடம் முன்னதாகவே இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் சுமார் 3 வருடம் திரும்பக் கிடைத்தது. 50இல் விட்டால் 6, 40இல் 9, 30இல் கிட்டத்தட்ட முழுப் பத்தும்.

உடம்பும் கணக்கு வைக்கிறது. ஒரு வருடத்தில், சிகரெட்டால் கூடிய இதயநோய் ஆபத்து சுமார் பாதியாகிறது. பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்து, விடாதவர்களோடு பார்த்தால் ஏறக்குறைய பாதி. ஆனால் ஒருநாளும் பத்தாதவரின் அளவுக்கு அது இறங்குவதில்லை. சலரோகமும் மாரடைப்பும் எங்கட ஆட்களுக்கு ஏற்கனவே அதிகம். சிகரெட் இரண்டுக்கும் எண்ணெய் ஊற்றும்.

மகள் கேட்டது

நான் விட்டு 11 வருடம். மகளுக்கு இப்போது 14. பள்ளிக்கூட டொய்லெட்டில் பிள்ளைகள் வேப் அடிக்கிறார்கள் என்று ஒருநாள் காரில் வரும்போது சொன்னாள். அறிவுரை சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்துவிட்டு, அந்தப் படிவக் கதையைச் சொன்னேன்.

பத்தினது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "ஃபோர்மில பொய் போட்டீங்களா அப்பா?" என்றுதான் கேட்டாள். ஓம் என்றேன். தொடங்குவது லேசு, ஆனால் அதை மறைக்க ஒவ்வொரு நாளும் ஒரு பொய் வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பப்பாவும் ஒளிச்சவரோ?" என்றாள். "இல்லை, அந்தக் காலத்தில ஒருத்தரும் ஒளிக்கேல்லை" என்றேன்.

பிள்ளைகளிடம் எங்கட கதையை மறைக்க வேண்டாம். உங்கட அப்பா இன்னும் பத்துகிறாரா? 'இனி என்னத்துக்கு' என்று அவர் சொன்னால், அந்த 60 வயதுக் கணக்கைச் சொல்லுங்கள். மூன்று வருடம் என்பது பேரப்பிள்ளை ஒன்று நடக்கவும் கதைக்கவும் பழகும் காலம்.